ஜப்பான்காரன் வராத குறை

ராயபுரம், சென்னைப் பட்டணம்
சித்திரபானு வருஷம், கார்த்திகை மாதம்

மகா கனம் பொருந்திய மாமா ஆறுமுகநயினார் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் சண்முகவேல் அடிபணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் நான், தங்கள் மகள் பூமாரி, பேரன், பேத்தி நால்வரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். அந்தச் சௌக்கியம் எந்த மாதிரியானது என்பதைக் கீழே விவரிக்கிறேன். தாங்களும் அத்தையும் பருத்திக் காடும் சினை மாடும் சுகமாயிருக்கச் செந்திலாண்டவனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படிக்கவும். அத்தைக்கு வாசித்துக் காட்டுவதானால் அவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு வாசிக்கவும்.

கலியாணமானதிலிருந்து பூமாரியைத் தங்கள் வீட்டில் விட்டுவிட்டு, நான் வண்ணாரப்பேட்டை கருப்பட்டி மண்டியில் எடை போடும் குமாஸ்தாவாக, பகலில் மூட்டைகளைத் தராசில் ஏற்றியும் ராத்திரியில் அதே மூட்டைகளின் மேல் படுத்தும் காலம் தள்ளியது தாங்கள் அறிந்ததே. ஊருக்கு வந்து "பூமாரியை அனுப்புங்க" என்று கேட்டபோதெல்லாம் தாங்கள், "மாப்ள, கெணறு இருக்கணும், தனி அடுப்படி இருக்கணும். ரெண்டும் உள்ள வீடா பாத்துட்டு வாங்க, அன்னைக்கே அனுப்புதேன். ஒண்டுக்குடித்தனத்துக்கு எம்பிள்ளை வரமாட்டா" என்று சொன்னீர்கள். நியாயமான வார்த்தை. ஆனால் என் சம்பளத்துக்குப் பட்டணத்தில் கிணறுள்ள வீட்டில் கிணற்றை மட்டும்தான் வாடகைக்கு எடுக்க முடியும். இதற்குள் பிள்ளைகள் இரண்டு பிறந்து, பெரியவன் என்னைப் பார்த்து "பட்டணத்து மாமா வந்துருக்காக" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியதைத் தாங்களும் கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மாட்டுக் கொட்டடிப் பக்கம் போய் நின்றது தங்களுக்குத் தெரியாது.

இப்படியிருக்கையில் போன பங்குனிக் கடைசியில் சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று, அடுத்தது சென்னைதான், ஜப்பான்காரன் கடல்வழியாக வந்துகொண்டே இருக்கிறான் என்று பேச்சாகி, ஊரே மூட்டை கட்டியது. என் முதலாளி மண்டிச் சாவியை என் கையில் திணித்துவிட்டுக் குடும்பத்தோடு ரயிலேறினார். எல்லோரும் ஓடும்போது நானும் ஓடியிருந்தால் ஒரு மனிதனாக இருந்திருப்பேன். நான் தெருவில் நின்று வீடுகளைப் பார்த்தேன், மாமா! கதவுக்குக் கதவு 'வாடகைக்கு' அட்டை தொங்குகிறது. வீட்டுக்காரர்கள் என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கப்பலுக்குக் கயிறு விற்கும் காஜா மொய்தீன் பாய், மாடியும் கிணறும் நிலைக்கண்ணாடியும் உள்ள தன் வீட்டை எனக்குத் திறந்துவிட்டு, "தம்பி, வாடகை நீ குடுக்கறத குடு. சாயங்காலமானா வூட்டுல வெளக்கு எரியணும், அவ்ளோதான். பூட்டிகினு போனா, நான் திரும்பி வரச்சொல்ல வாசல் நெலை கூட இருக்காது" என்றார். கிணறு! அடுப்படி ஒன்றுக்கு இரண்டு! உடனே ஊருக்கு ஓடி வந்தேன். "பட்டணத்துல குண்டு போடப்போறானாமே மாப்ள" என்று தாங்கள் கேட்டதற்கு, குண்டு துறைமுகத்துக்குத்தான், நம் வீடு ராயபுரத்தில் இருக்கிறது, துறைமுகம் வேறு ராயபுரம் வேறு என்று அடித்துச் சொன்னேன். வேறுதான். நடுவே ஒரு சாலை இருக்கிறது.

பட்டணத்துக்கு வந்த ரயிலில் பெரியவன் ஒரு பலகையிலும் சின்னவள் ஒரு பலகையிலும் காலை நீட்டிப் படுத்து வந்தார்கள். பூமாரி, "மெட்ராஸ் ரயில்ல கூட்டம் நெரியும்னாகளே" என்றாள். எழும்பூரில் நெரிந்தது. எங்களால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. நாங்கள் ஒரு அடி இறங்கினால் ஏறுகிற கூட்டம் எங்களை இரண்டு அடி உள்ளே தள்ளுகிறது. கடைசியில் நான் ஜன்னல் வழியாகக் குதித்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கி, பூமாரியையும் இறக்கினேன். அத்தை கொடுத்தனுப்பிய பித்தளைத் தவலை மட்டும் இறங்கவில்லை. அது அதே வண்டியில் யாரோடோ திரும்பிப் போயிற்று. கோவில்பட்டிப் பக்கம் எங்காவது தென்பட்டால் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ளவும். வெளியே ஜட்காக்காரன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா நைனா, ஊரே பேஜாராயி ஓடிகினு கீது, நீ இன்னாடான்னா கொயந்த குட்டியோட உள்ளாற வர்றே. ஜப்பான்காரன் உனுக்கு இன்னா மச்சானா?" என்றான். பூமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சங்கடம். விளக்கு எரிய வேண்டும் என்பது பாய்க்குக் கொடுத்த வாக்கு. விளக்கு வெளியே தெரியக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. விமானத் தாக்குதல் காவலுக்கென்று போட்ட எங்கள் தெரு வார்டன் சுப்புராஜ் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, "யாருப்பா அது மாடில? பிளேன்ல வர்றவனுக்கு ராயபுரம் இங்கதான் கீதுன்னு வயி காட்டறியா?" என்று சத்தம் போடுவார். அதனால் அந்தியானதும் விளக்கை ஏற்றி, அதன்மேல் பெரிய அண்டாவைக் கவிழ்த்துவிடுவோம். விளக்கு மூச்சுமுட்டி அணைந்துவிடும். மறுபடி ஏற்றுவேன், மறுபடி கவிழ்ப்பேன். இப்படி இரண்டு பேருக்கும் உண்மையாக இருந்ததில் தீப்பெட்டிதான் தீர்ந்தது. பிறகு சுப்புராஜ் கொல்லையில் பதுங்கு குழி வெட்டச் சொன்னார். இடுப்பளவு வெட்டினேன். ஒரே மழையில் அது குட்டையாகி, பெரியவன் அதில் எருமையைப் போலக் கிடந்தான். தண்ணீர் வற்றியதும் பூமாரி அதன் கரையில் பூசணி விதை போட்டாள். கொடி படர்ந்து, குழி இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது.

மாமா, அந்தச் சில மாதங்கள் நான் ராஜா. தெருவில் மனித நடமாட்டமே இல்லை. பூமாரி முதலில் அடுப்படியை விட்டு வெளியே வரவே பயந்தவள், போகப்போகக் கூடத்தில் தூளி கட்டினாள், மாடியில் வற்றல் காயப்போட்டாள், நிலைக்கண்ணாடி முன் நின்று தலை வாரினாள். மண்டியிலிருந்து நான் திரும்பும்போது பெரியவன் வாசலுக்கு ஓடி வந்து "அப்பா!" என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே எத்தனை குண்டு வேண்டுமானாலும் தாங்கலாம் என்று நினைத்த மடையன் நான்.

குண்டு விழவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது, ஜப்பான்காரன் வரவில்லை; காஜா மொய்தீன் பாய் வந்தார். கொல்லைப்புறமாக வந்து, தன் வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவலாமென்று நடந்தவர், பூசணிக் கொடியோடு பதுங்கு குழிக்குள் இறங்கிவிட்டார். நான் கை கொடுத்துத் தூக்கியபோது, "தம்பி, ஜப்பான்காரனுக்கு பயந்துகினு ஆம்பூர் வரைக்கும் ஓடுனேன். கடைசில உன் பூசணிக்காய்கிட்ட மாட்டிகினேனே" என்று சொல்லிச் சிரித்தார். கோபித்திருக்கலாம். அவர் சிரித்ததுதான் எனக்கு வினையாயிற்று.

முதலில் பாயும் அவர் மனைவி ரஹீமுன்னிசாவும் வந்தார்கள். நாங்கள் மாடியைக் காலி செய்து கூடத்துக்கு வந்தோம். அடுத்து மகன்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கூடத்திலிருந்து பின்னறைக்கு வந்தோம். மருமகள்களின் தாய்வீட்டார் வந்தார்கள். ஜப்பான்காரன் பின்வாங்குகிறானோ இல்லையோ, நான் அறை அறையாகப் பின்வாங்கி, இப்போது கொல்லையில் உள்ள கயிற்றுக் கிடங்கில் இருக்கிறோம். சுற்றிலும் கப்பல் வடம் மலை மலையாகச் சுருண்டு கிடக்கிறது. சின்னவள் ஒரு சுருளின் நடுவில் தூங்குகிறாள். பெரியவன் தலையில் வடத்துத் தார் ஒட்டி, மொட்டை அடிக்க வேண்டியதாயிற்று. அடுப்பு, கிடங்கு வாசலில் மூன்று செங்கல். கிணறு இருக்கிறது; தண்ணீர் இறைக்கத்தான் முறை வரவேண்டும். பாய் ஒரு நாளாவது "போ" என்று சொல்லியிருந்தால் ரோஷப்பட்டுக்கொண்டு போயிருப்பேன். அவரோ, "இருப்பா, இன்னா அவசரம்" என்கிறார். அந்த அம்மாள் பாத்திரம் பாத்திரமாகச் சோறு கொடுத்தனுப்புகிறார்கள். எனக்குத்தான் அதைச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

வேறு வீடு தேடாமலும் இல்லை. பங்குனியில் என் கையைப் பிடித்து இழுத்த அதே மனிதர் இப்போது கதவைப் பாதி திறந்து, "எத்தினி கொயந்தைங்கோ?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "கொயந்த இல்லாத குடும்பமா பாத்துகினு கீறோம்" என்று மூடிவிட்டார். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் நடந்து பார்த்தேன். போன ஊர் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது, மாமா; போகாமல் இருந்த எனக்குத்தான் இடமில்லை.

இப்போது எழுதப்போவது வெட்கக்கேடு. போன வாரம் மண்டியிலிருந்து திரும்பும்போது கடற்கரைப் பக்கம் நின்றுவிட்டேன். கடலில் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. ஜப்பான் கப்பலாக இருக்காதா என்று என் மனசு நினைத்தது. ஒரே ஒரு தடவை பயங்காட்டிவிட்டுப் போகக்கூடாதா, பாய் வீட்டார் மறுபடி ஆம்பூருக்குப் போவார்கள், எனக்கு மாடி கிடைக்குமே என்று நினைத்தது. பக்கத்தில் நின்ற மீன்காரம்மா, "இன்னா மாமு, அப்டி மொறச்சி பாக்கறே? அது அரிசிக் கப்பலு" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. குண்டு விழுந்தால் என் பிள்ளைகள் மேலும்தான் விழும் என்பதுகூட நினைவில்லாமல், சோறு போட்ட வீட்டுக்குக் கெடுதல் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு கிணற்றுக்காக இந்த அளவுக்கு வந்துவிட்டேனே என்று அழுகை வந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆகையால் மாமா அவர்கள் தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, பூமாரியையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகவேண்டியது. முதலாளியும் திரும்பி வந்து, மண்டியில் வேலை குவிந்து கிடப்பதால் எனக்கு லீவு கிடைக்காது. தாங்கள் கேட்ட கிணறும் தனி அடுப்படியும் என்னால் முடியவில்லை. தங்கள் வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டும். பெரியவன் ஊருக்கு வந்து மறுபடி என்னைப் பட்டணத்து மாமா ஆக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவும்; அடிக்கடி "உங்கப்பா எங்கலே?" என்று கேட்டுவந்தால் போதும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சின்ன மச்சானுக்குப் படிப்பும், மாட்டுக்குச் சுகப்பிரசவமும், பருத்திக்கு நல்ல வெடிப்பும் உண்டாகட்டும். பிழை பொறுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாத மருமகன்,
சண்முகவேல்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை உறையில் போடுமுன் பூமாரிக்கு வாசித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீக. கெணறு கேட்டது ஆரு?" என்றாள். உங்கப்பா என்றேன். "அடுப்படி கேட்டது?" அதுவும் அவர்தான் என்றேன். "நான் என்ன கேட்டேன்?" என்றாள். எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. நீ ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். "என்னையத்தான் ஒருத்தரும் கேக்கலையே! எழும்பூர்ல ஊரே ரயிலேற நின்னுச்சே, நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா எறங்குனேன்? குண்டு விழுந்தாலும் நாலு பேரும் ஒண்ணா இருப்போம்னு தெரிஞ்சுதான் எறங்குனேன். உங்க கெணத்துக்கா எறங்குனேன்?" என்றாள். அவள் முன்னால் அரிவாள்மணை இருந்ததால் நான் எதிர்த்துப் பேசவில்லை. அது இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

யுத்தத்தினால் காகிதத் தட்டுப்பாடு, வேறு தாள் இல்லை. ஆகவே இதே கடிதத்தை அனுப்புகிறேன். தாங்கள் பின்குறிப்பை மட்டும் படிக்கவும், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். இந்த வரிக்கு வருமுன்பே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருந்தால் திரும்பிவிடவும். அப்படியும் வந்தே தீருவதானால் அத்தையையும் அழைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுப் போக மட்டும் வரவும். கிடங்கில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதாம். எனக்குத் தெரிந்து இல்லை. பூமாரி இருக்கிறது என்கிறாள், அப்படியானால் இருக்கும்.