தாராளப்பிரபுவின் பூசணிக்காய் சூப்பு

இனி இந்த வீட்டில் பழையதைத் தொடமாட்டேன். சொல்லிவிட்டேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொன்னேன். ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு பெரிய லிஃப்டும் என் ஒரு விரலுக்கு ஏறும், இறங்கும். வீட்டில் அவள் விரலுக்கு நான். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. தேதி பார்க்காமல் ஒரு மாத்திரையைத் தொடமாட்டாள். எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் சூப்புக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

அப்படிச் சொன்ன அன்றைக்கு இருந்தது ஒரு சட்டி பூசணிக்காய் சூப்பு. முந்தின நாள் வைத்தது.

"சுடவச்சுத் தரட்டுமா?"

"அப்புறம் நானே குடிச்சுக்கறேன்" என்றேன், வீரமாக.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் செல்போனை எடுத்தேன். எங்கள் குடியிருப்புக்கு ஒரு ஆப் உண்டு. மிஞ்சின சாப்பாட்டைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, கீழ்த்தளத்துப் பொது ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கேட்பவர் எடுத்துக்கொள்வார். நிஜப் பெயர் வேண்டியதில்லை. நான் 'தாராளப்பிரபு' ஆனேன். சூப்பை டப்பாவில் ஊற்றிப் படம் போட்டேன். மூச்சு விடுவதற்குள் 'பசிக்காரி' என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் விசாரணை.

"சூப்பு எங்கேங்க?"

"குடிச்சிட்டேன்."

"ஒரு சட்டியுமா?"

"ஒரு சொட்டு விடல. அமிர்தம்!"

பொய்க்குப் பலன் கைமேல் கிடைத்தது. ராத்திரி மறுபடியும் பூசணிக்காய் சூப்பு. ஆவி பறந்தது. மிளகு மணத்தது.

"அவ்வளவு பிடிச்சிருக்கேன்னு வச்சேன்" என்றாள்.

"பாத்தியா? புதுசுன்னா புதுசுதான்!"

மிஞ்சினது காலையில் கீழே போனது. அடுத்த ராத்திரி எலுமிச்சம்பழம் பிழிந்த சூப்பு. அதற்கடுத்து பூண்டு தட்டிப் போட்டது. காலையில் தாராளப்பிரபு கொடுப்பார், பசிக்காரி முந்திக்கொள்வாள், அஞ்சு ஸ்டாரும் போடுவாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டப்பாதான் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒருவழியாக அளவாகச் சமைக்கக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரி வெற்றி தலைக்கேறிவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்து மேசையைத் தட்டினேன்.

"இங்க பாரு. அன்னைக்கு அந்தப் பழைய சூப்பை நான் குடிக்கவே இல்ல. தானம் பண்ணிட்டேன். தினமும் பண்றேன். இனியும் பண்ணுவேன். பழசு இந்த நாக்குல படாது. என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ணமாட்டேங்க" என்று தன் செல்போனை என் பக்கம் தள்ளினாள். திரையில் 'பசிக்காரி' என்று இருந்தது.

"நீயா! அப்ப அந்த மிளகு சூப்பு?"

"அதே சூப்புதாங்க."

"எலுமிச்சம்பழம்?"

"அதேதான். வேலை முடிஞ்சு வரும்போது கீழேருந்து எடுத்துட்டு வருவேன். ஏதாவது ஒண்ணைப் போட்டுச் சுடவைப்பேன்."

"அப்ப இது?"

"அதுல கடைசிக் கிண்ணம். பயப்படாதீங்க, காலாவதி நாளைக்குத்தான்."

விடுவேனா? நானும் ஆம்பிளைதானே. "செத்தாலும் இதைத் தொடமாட்டேன்!" என்று கிண்ணத்தை வேகமாகத் தள்ளினேன்.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் ஏற்கெனவே வழித்துக் குடித்திருந்தேன்.