செலம்பாய்

"எங்க பத்திரிகை நடத்தின அழகான சொல் போட்டியில செலம்பாய்தான் முதலிடம் சார்! எட்டாயிரம் வாசகர்கள் ஓட்டுப் போட்டிருக்காங்க!"

நிருபர் வஹிதா இப்படிச் சொன்னதும் அகராதித் தொகுப்பாளர் தாஹிரின் கையிலிருந்த காப்பியில் பாதி சட்டையில் கொட்டியது.

இந்தோனேசியாவின் மக்காசார் நகரிலுள்ள அந்த அலுவலகத்தில் அட்டை இல்லாமல் எந்தச் சொல்லும் அகராதிக்குள் நுழையாது. எந்த ஊரில், யார் வாயால் கேட்டது என்று அட்டையில் இருக்க வேண்டும். பொய் அட்டை எழுதினால் அன்றே வேலை போய்விடும். இருபது வருடங்களுக்கு முன், தூக்கம் சொக்கிய ஒரு மதியம், தாஹிர் அப்படி ஒன்றை எழுதிவிட்டார்.

செலம்பாய்: படகேறிப் போன விருந்தாளி திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயம். பிறந்த விதம்: துடுப்பு திரும்பும் ஓசையிலிருந்து. ஊர்: சபெரு தீவு, அதாவது வரைபடத்தில் விரல் போய் விழுந்த இடம். சொன்னவர்: கிழவர் பாசோ.

எழுதி முடித்ததும் அவருக்கே புல்லரித்தது. அவ்வளவு அழகான சொல்!

"அந்தப் பாசோ தாத்தாவைப் படம் எடுக்கணும் சார்."

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரேம்மா!"

"அச்சச்சோ! அப்ப கல்லறைக்குப் பூவாவது போட்டுட்டு வரலாம்."

"கல்லறை ஏது? ஆளு கடலோட போயிட்டாரு."

வஹிதாவின் கண் கலங்கியது. "முதல் பக்கச் செய்தி சார் இது! அவரோட பேரப் பிள்ளைங்களைப் பார்த்தே ஆகணும்."

அப்போதுதான் ரஸ்னா மேடம் அறைக்குள் வந்தார். போன மாதம் பொறுப்பேற்ற தலைவி. சபெரு தீவில் மூன்று மாதம் தங்கி, அந்த மக்களின் பேச்சை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"பாசோ தாத்தாவை உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றாள் வஹிதா.

மேடம் ஒரு நொடி தயங்கினார். "தெரியாம என்ன? என் மேல உசிரையே வச்சிருந்தாரே!"

தாஹிருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்படியானால் நிஜமாகவே ஒரு பாசோ இருக்கிறார்! உயிரோடு இருக்கும் மனிதரையா கடலில் தள்ளிக் கொன்றோம்? கரையில் இறங்கியதும் அந்தக் கிழவர் எதிரே வந்து நின்றால்?

சனிக்கிழமை காலை, படகுத்துறை. வஹிதா மேடத்தையும் விடாமல் இழுத்து வந்திருந்தாள். தாஹிர் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். வஹிதா மாத்திரையை நீட்டினாள்.

"காத்து பலமா இருக்கே, இன்னொரு நாள் போகலாமா?" என்றார் மேடம். அவர் முகமும் வெளிறியிருந்தது.

"ஆமா மேடம், ரொம்ப பலம்!"

வஹிதா காதில் வாங்கவில்லை. பூக்கூடையோடு முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஏறினார்கள். தாஹிர் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த பிரார்த்தனைகளையெல்லாம் முணுமுணுத்தார்.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார். "பூவெல்லாம் யாருக்கும்மா?"

"சபெருவில பாசோ தாத்தான்னு ஒருத்தர் இருந்தாராம். அவரோட பேரப் பிள்ளைங்களைப் பார்க்கப் போறோம்."

"சபெருவிலயா? என் பாட்டன் காலத்துலேர்ந்தே அங்க மனுஷ வாடையே கிடையாதே, வெறும் ஆமைங்கதானே இருக்கு!"