பிறையனின் கிட்டாருக்கு மூடி போட்ட கதை

உலகத்தில் பழுது பார்க்கிறவர்கள் என்றோர் இனம் உண்டு. அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது அவர்களுக்கு நேர் எதிரான இனத்தைப் பற்றி. இவர்கள் பழுதான பொருளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். குசினிக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகட்டும், அலுமாரிக் கதவு கையோடு வரட்டும், மின்விசிறி நாள் முழுக்க இருமட்டும், அதெல்லாம் கண்ணில் படாது. ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், கை ஊறத் தொடங்கிவிடும். "இத இன்னுங் கொஞ்சம் நல்லாக்கலாமே!" என்பார்கள். அத்தோடு அந்தப் பொருளுக்குக் கெட்ட காலம் பிறந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் பிறையன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி வீடு, கண்டியில் ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார். மின்சாரக் கிட்டார். அதை அவர் வாசித்த நேரத்தைவிடக் கழற்றிப் போட்டிருந்த நேரம் அதிகம். கம்பியை மாற்றுவார், குமிழை மாற்றுவார், பழைய கம்பியே பரவாயில்லை என்று திரும்ப மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் நம்மைக் கூப்பிட்டு ஒரே சுரத்தை மீட்டிக் காட்டி, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பார். தெரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். தெரியும்வரை மீட்டுவார்.

சென்ற வருடம் கோயில் திருநாள் நெருங்கிய சமயம் அவருக்கு மூடி ஆசை வந்தது. கிட்டாரில் கம்பிகளுக்கு நேர் கீழே 'பிக்கப்' என்று இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான். பிறையனின் பிக்கப்கள் மூடியில்லாமல் கறுப்பாக இருந்தன. கறுப்பாக இருந்தபடியே அழகாகப் பாடின. அது போதாதா? போதாது. முகம் பார்க்கக்கூடிய பளபளப்பில் இரண்டு உலோக மூடிகளைத் தருவித்து, திருநாளுக்கு முதல்நாள்தான் வேலையைத் தொடங்கினார்.

இங்கே அவர் மனைவி றேணுகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவின் கடைசி வரிசையில் நின்று மற்றவர்களின் குரலுக்குள் ஒளிந்து பாடியே பழகியவர். வழக்கமாகத் தனியாகப் பாடும் பெண் கல்யாணமாகிக் கனடா போய்விட்டதால், பூசையில் சனம் நற்கருணை வாங்கும்போது பாடுகிற நன்மைப் பாட்டைத் தனியாகப் பாடும் பொறுப்பு முதல்தடவையாக அவர் தலையில் விழுந்திருந்தது. பயத்தில் சோறு இறங்கவில்லை. அவர் நம்பியிருந்தது கிட்டார் ஒன்றைத்தான்.

"என்னங்க, நாளைக்கு நான் பாடணும். இன்னிக்கு அதத் தொடாதீங்க. கிட்டார் இல்லாட்டி எனக்குச் சுருதி நிக்காது."

"சின்ன வேலதான் றேணுகா. மூடி போட்டா இரைச்சல் போயிரும்."

"இப்ப என்ன இரைச்சல்?"

"உனக்குக் கேக்காது."

இந்த இனத்தோடு வாதாடி வென்றவர் யார்?

மூடியைப் பற்றவைக்க ஈயம் வாங்கப் போன இடத்தில், மின்சாமான் கடை அரூஸும் சொல்லிப் பார்த்தார்: "நல்லா வேல செய்ற சாமான எதுக்குக் கழட்டுறீங்க?" பிறையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஈயத்தோடு வந்துவிட்டார். மூடிக்குள் மெழுகு உருக்கி ஊற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் கிட்டார் வீரிடுமாம். மெழுகுக்கு எங்கே போவது? இடி இடிக்கும்போது கொளுத்துவதற்கென்று றேணுகா மாதா படத்தடியில் வைத்திருந்த மந்திரித்த மெழுகுதிரி கண்ணில் பட்டது.

"ஐயோ, இடி வந்தா எதக் கொளுத்துறது?"

"கிட்டாருக்கும் ஒரு ஆசீர்வாதம்னு வச்சுக்கயேன்."

மெழுகை ஊற்றி, மூடியை அழுத்தி, விளிம்பில் ஈயம் பற்றவைத்து, அது கோணலாக இருக்கிறதென்று உருக்கி எடுத்து, மறுபடி பற்றவைத்து, ஊதி, துடைத்து, தன் மூக்கை அதில் பார்த்துத் திருப்திப்பட்டு, அவர் கம்பிகளைப் பூட்டி முடித்தபோது திருநாள் காலை மணி அடித்துவிட்டது. வாசித்துப் பார்க்க நேரமில்லை. ஈயம் உருக்கிய சூட்டுக்கோல் உள்ளே சத்தம் போகிற எந்த வயரின் தோலை உருக்கியதோ, அது எப்போது மூடியோடு போய் ஒட்டியதோ, யாருக்குத் தெரியும்?

நன்மை நேரம் வந்தது. நான் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பிறையன் கண்ணை மூடிக் கம்பியை மீட்டினார். பெட்டியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. றேணுகா காத்திருந்தார். பிறையன் இன்னொரு தடவை மீட்டி, தொடங்கு என்று தலையசைத்தார். கோயில் நிறையச் சனம். றேணுகா பாட்டுத்தாளைப் பார்த்தார், பக்கக் கதவைப் பார்த்தார். பாவம், ஓடிவிடுவார் என்றே நினைத்தேன்.

ஓடவில்லை. பாடினார். முதலடி தள்ளாடியது. இரண்டாம் அடியில் குரல் எழுந்து நின்றது. அதற்கப்புறம் பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. இப்படியொரு குரலை இத்தனை காலம் கடைசி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தோமே என்று எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவர் பக்கத்தில் பிறையன் ஒரு சத்தமும் எழாத கிட்டாரைத் தலையை ஆட்டி ஆட்டி, கடைசி அடிவரை, உருகி உருகி வாசித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் றேணுகாவைச் சுற்றி ஒரே கூட்டம். கையைப் பிடிக்கிறவர்கள், கண்ணைத் துடைக்கிறவர்கள். பிறையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா றேணுகா? மூடி போட்டதுக்கப்புறம் கிட்டார் ஒன் குரலுக்கு மேல வராம எவ்வளவு அடக்கமா நின்னுச்சு!"

நான் வாயைத் திறந்தேன். றேணுகா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றார் கணவரிடம், மிகவும் பணிவாக. "இப்பதான் சரியா இருக்கு. இனிமே இதக் கழட்டவே வேணாம்."

சிரிக்கிறீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் றேணுகா சொன்ன பதிலில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமே என்று உங்கள் மனதில் ஒரு யோசனை ஓடியதா? ஓடியிருந்தால், தயவுசெய்து இரண்டு கைகளையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் யாராவது பாட வேண்டியிருக்கலாம்.