முள் உதிர்ந்த பிச்சாண்டியின் பைல்

ஒரு காட்டில் பிச்சாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அந்தக் காட்டில் முள்ளம்பன்றி என்று இருந்ததே அது ஒன்றுதான். ஒருநாள் காலையில் சோம்பல் முறித்தபோது முதுகிலிருந்து ஏழெட்டு முட்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒரே வாரத்தில் முதுகு மொட்டை. சிறுத்தைக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. மேலெல்லாம் சருகை அப்பிக்கொண்டு பிச்சாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

டாக்டர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி முதுகைத் தட்டிப் பார்த்தது. ரத்தம் எடுத்தது. ஒரு டப்பா களிம்பு கொடுத்தது.

"என்ன நோய் டாக்டர்?"

"ரிசல்ட் வந்ததும் பைல்ல எழுதிடுவேன்."

"விஷயம் வெளியே போயிடாதே?"

"நல்லா கேட்டீங்க! நோயாளி ரகசியம் எங்களுக்கு உயிர் மாதிரி," என்று கொக்கு ஒரு படிவத்தை நீட்டியது. சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி, தர மேம்பாடு மற்றும் இன்னபிற காரணங்களுக்கு மட்டுமே பைல் பயன்படும் என்று அதில் இருந்தது. அந்த 'மட்டுமே' பிச்சாண்டிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கையெழுத்துப் போட்டது.

மூன்றாம் நாள் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது எதிர்க்கரை மான், "முதுகு தேவலையா அண்ணே?" என்றது. மரத்திலிருந்து குரங்கு, "விளக்கெண்ணெய் தடவிப் பாருங்க மாமா," என்றது. பிச்சாண்டி நேரே ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு ஓடியது. அங்கே ஆமைதான் குமாஸ்தா.

"என் விஷயம் காடு முழுக்கத் தெரிஞ்சிருக்கே?"

"வாய்ப்பே இல்லை. ஆராய்ச்சிக்கு அனுப்பும்போது உங்க பேரை அடிச்சிட்டோம். 'மூங்கில் புதரில் வசிக்கும் ஒரு முள்ளம்பன்றி'ன்னுதான் போட்டிருக்கு. யாருன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"சரி, பைலைக் காட்டுங்க. என்ன நோய்னு நானாவது தெரிஞ்சுக்கறேன்."

ஆமை பைலோடு ஓட்டுக்குள் போய்விட்டது. "கண்டவங்களுக்குக் காட்ட முடியாதுங்க. நோயாளி ரகசியம்."

"அந்த நோயாளியே நான்தான்யா!"

"முள்ளம்பன்றின்னா முள் எங்கே?"

பிச்சாண்டி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. வீடு திரும்பியது.

புதர் வாசலில் சிறுத்தை உட்கார்ந்திருந்தது. பிச்சாண்டி பழக்கத்தில் முதுகைச் சிலிர்த்தது, சிலிர்க்க முள்தான் இல்லை.

"பதறாதே. நான் ரகசியப் பாதுகாப்புக் குழு உறுப்பினர். பைல்களை யாரும் படிக்கக் கூடாது பாரு, அதைக் கண்காணிக்க நான் எல்லாத்தையும் படிக்க வேண்டியிருக்கு."

சாவு நிச்சயம் என்றான பிறகு பிச்சாண்டிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"எனக்கு என்ன நோய்ங்க?"

"உனக்கே தெரியாதா?" சிறுத்தைக்குப் பாவமாகப் போய்விட்டது. காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாக விளக்கியது. தோலில் பூஞ்சை. உயிருக்கு ஆபத்தில்லை. மூன்று மாதத்தில் முள் திரும்ப முளைக்கும். பிச்சாண்டிக்குக் கண் கலங்கியது. இத்தனை பொறுமையாக அதனிடம் யாருமே பேசியதில்லை.

"அப்ப என்னை ஏன் இன்னும் சாப்பிடலை?"

"ஒன்பதாம் பக்கம். நீ பூசுற களிம்பு நாக்குல பட்டா ஆறு மாசத்துக்கு ருசியே தெரியாதாம். அமாவாசையோட நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார். மறுநாள் வர்றேன். வீட்ல இரு."

விடிந்ததும் பிச்சாண்டி பதிவறை வரிசையில் முதல் ஆளாக நின்றது.

"பைலைப் பார்க்க வரலை. அதுல ஒரு திருத்தம்."

ஆமையின் முகம் மலர்ந்தது. "திருத்தம்னா தாராளமா செய்யலாம். அதுக்கு அடையாளமெல்லாம் வேண்டாம்."

பிச்சாண்டி எழுதியது: 'களிம்பு ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். மேலும் இந்த நோய் அருகில் வரும் புள்ளி போட்ட விலங்குகளுக்கு மட்டும் தொற்றும். முதலில் வால் போகும்.'

ஆமை அதைப் படிக்காமலே முத்திரை குத்தியது. படிக்கக் கூடாதல்லவா, ரகசியம்!

அன்று மத்தியானமே சிறுத்தை குழுவிலிருந்து ராஜினாமா செய்துவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்று வாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நீதி: உன் நோய் ஊருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது, ஆகவே அதை நீயே நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிடு.