பெரு பாயின் கோரைக் குதிரை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பெரு நாட்டைக் கேலி செய்துவிட்டு இரண்டாம் முறை சால்னா வாங்கிய மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. கேலி காதில் விழுந்த மறுகணம் சால்னா வாளி உள்ளே போய்விடும். பெரு பாய் பரோட்டாக் கடையின் சட்டம் அது.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடகரையில் கப்பல் ஒரு முறை நின்றது. பாய்க்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல் லீவு. அந்த ஒரு பகலுக்காக ஊரோடு வாழ்நாள் பூராவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கடை மாடியில் குடியிருந்த எனக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை.

“கடலு கீது, மழ கெடையாது சார். அலை வந்து மோதுற எடம் வரைக்கும் பாலைவனம். ஆனா தண்ணில கால வெச்சா ஐஸு!”

எதிர்க்கடை பைக் மெக்கானிக் கோவிந்தன்தான் பரம எதிரி. “தென் அமெரிக்கான்னா காடு பாய். பாம்பு, மொதல. நீ ராஜஸ்தான்ல எறங்கிட்டு வந்து கத வுட்டுகினு கீற.”

“ராஜஸ்தான்ல ஏதுடா கடலு? கப்பலு இன்னா ஒட்டகமா, மணல்ல போறதுக்கு?”

ஒரு நாள் பாய், மண்ணாலேயே கட்டிய பழைய நகரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். “சான் சான்னு ஒரு ஊரு. அந்தக் காலத்து ராஜாங்க கட்டுனது. அத்தினியும் மண்ணு செவுரு. செவுரு பூரா மீனு, பறவைன்னு செதுக்கி வெச்சிருக்கான். இன்னிக்கும் நிக்குது.”

“ஒரு சாண் ஊரா பாய், ரெண்டு சாண் ஊரா?” என்றான் கோவிந்தன்.

கடையே சிரித்தது. வாளி உள்ளே போனது. சிரிக்காமல் உட்கார்ந்திருந்த நானும் அன்று வறட்டுப் பரோட்டாதான் தின்றேன்.

இதே ஆத்திரத்தோடுதான் ஒரு சாயங்காலம், பழைய கோயில் சுவரில் சாவியால் தங்கள் பெயரைக் கீறிக்கொண்டிருந்த ஒரு காதல் ஜோடியைத் தோசைத் திருப்பியோடு துரத்தினார். “மண்ணையே அங்க கண்ணு மாதிரி வெச்சிருக்கான்! கல்லு கெடச்சும் கிறுக்குறீங்களே!” ஓடிய வேகத்தில் பையனின் ஒரு செருப்பு நின்றுவிட்டது. அதையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வந்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நான் போனில் தேடினேன். பாய் சொன்ன பாலைவனம், கடற்கரை, மீன் செதுக்கிய மண்சுவர், ‘கோரைக் குதிரை’ என்று அவர் சொல்லும் கோரைப் படகின் மேல் குதிரை ஏறுவது போல உட்கார்ந்து அலையில் வரும் மீனவர்கள், எல்லாமே இருந்தன. கோவிந்தன் போனைப் பிடுங்கி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். பாய்க்குச் சந்தோஷம் தாங்காது என்று நினைத்தேன்.

பரோட்டா மாவு மேஜைமேல் அறையப்பட்டது.

“ரெண்டு கண்ணால பாத்தவன் சொன்னா கத. போனு சொன்னா நெஜமா? வெச்சிக்கோ சார் உன் போன. நானே காட்டுறேன்!”

மறுநாளே ஏரியில் சம்பங்கோரை அறுத்து, நாலு நாள் காயவைத்து, கயிறு சுற்றி, மூக்கு நிமிர்ந்த ஒரு கோரைக் குதிரை கட்டினார். அழகாகவே இருந்தது. விடிவதற்குள் பக்கத்து வீட்டு எருமை அதன் மூக்கைத் தின்றுவிட்டது. “உன் மாட்டுக்கு வேற நாஷ்டாவே கெடைக்கலியா?” என்று பாய் போட்ட சத்தத்தில் எருமை அன்று பால் கறக்கவில்லை என்று பேச்சு.

இரண்டாவது குதிரையைக் கடைக்குள்ளேயே கட்டினார். வாடிக்கையாளர்கள் நின்றபடி சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தெருவே கூடியது. பாய் லுங்கியை மடித்துக் கட்டி, குதிரைமேல் காலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து மூங்கில் துடுப்பைப் போட்டார். மிதந்தது! சும்மா சொல்லக்கூடாது, ஜோராக மிதந்தது. “பாத்துக்கோங்கடா!” என்று கரையைப் பார்க்கத் திரும்பினார். குதிரை சுற்றியது. பின்பக்கம் மெல்ல இறங்கியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது.

“பாய், முழுவுது! எறங்கு!”

“முழுவல! ஏரி ஏறிகினு கீது!”

கோவிந்தன்தான் முதலில் குதித்தான். பாயையும் குதிரையையும் சேர்த்து இழுத்து வந்தான். “பாய், மெய்தான். மெதந்துச்சு. நான் நம்புறேன்.”

“நீ இன்னாடா நம்புறது?” என்று சீறினார் பாய், இருமிக்கொண்டே.

அன்று ராத்திரி கடையில் யாரும் கிண்டல் பண்ணவில்லை. கோவிந்தனே, “அந்த மீன்காரங்களப் பத்திச் சொல்லு பாய்” என்றான். சண்டைக்கு ஆளில்லாமல் பாய் தடுமாறிப் போனார். பரோட்டாக் கல்லைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

“ஒருத்தன் என்ன அவன் கோரைமேல ஏத்திகினு ஒரு அலையில வந்தான். அவன் பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவனுக்குப் புரியல. குளுர்ல நடுங்கினு இருந்தேன். அவன் சட்டையக் கழட்டிப் போத்துனான். வூட்டுக்குக் கூட்டினு போயி மீனு வறுத்துக் குடுத்தான். கப்பலு ஊதிச்சு, ஓடியாந்துட்டேன்.” தோசைத் திருப்பி கையிலேயே நின்றது. “பேரு கேக்கல சார். சோறு போட்டவன் பேரக் கேக்காம வந்துட்டேன்.”

நான் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன்.

“கைய எடு சார், பரோட்டா தீயுது” என்றார்.

நான் எடுக்கவில்லை. அவரும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.