ஊறுகாய் அண்ணனும் சந்துக்குள் நுழையும் காரும்

பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவனில்லை. பத்தாவதோடு சரி. மரக்காணத்தில் உப்பு மூட்டைகளுக்கு வாய் தைப்பது என் வேலை. நாலு பேருக்கு முன்னால் என் வாயும் தைத்த மாதிரியேதான் இருக்கும். அப்படிப்பட்டவன் பேனா பிடித்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் அண்ணனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

இந்தக் கடற்கரையிலேயே அவரைப் போல எதையும் நம்பாத மனிதர் கிடையாது. உலகத்தில் அவர் நம்புவது உப்புத்தண்ணீரை மட்டும்தான்.

எங்கள் ஊர்க் காற்றில் எதுவும் தங்காது. புது கேட் போட்டால் அடுத்த வருஷம் செதில் செதிலாக உரியும். மின்விசிறி இறக்கை ஓட்டை விழும். அதனால் ஊறுகாய் அண்ணன் எது வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்துக்கு நேராகப் போவார். பொருளைக் கயிற்றில் கட்டி உப்புத்தண்ணீர்ப் பாத்தியில் இறக்குவார். அந்தப் பாத்தியில் உப்பு விளைந்து வாருகிற வரைக்கும் அது உள்ளேயே கிடக்கும். துருப்பிடிக்காமல் வெளியே வந்தால்தான் வீட்டுக்குள் அனுமதி. பூட்டு, குக்கர், கத்தரிக்கோல் எல்லாம் அப்படித்தான் உள்ளே போயின. அவருக்கு அந்தப் பெயரும் அப்படித்தான் வந்தது.

மாப்பிள்ளை ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அதுவும் பாத்திக்குள் போனது.

"ஏன் மாமா இப்படி? தண்ணி போகாதுன்னு கடையில சொன்னாங்களே!"

"தண்ணின்னுதான சொன்னாங்க? உப்புத்தண்ணின்னு சொன்னாங்களா?"

மாதா கோயில் திருவிழா அன்று காலையில் புது மைக் ஸ்டாண்டைக் காணோம் என்று ஃபாதர் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆள் அனுப்பினார்கள். "ஃபாதர்கிட்ட சொல்லுப்பா, இன்னும் ரிசல்ட் வரல" என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷப் பிரசங்கம் முழுக்க ஃபாதர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டேதான் பேசினார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கார் வாங்குகிற யோசனை வந்தது.

காரணம் அவர் மனைவி செல்வமேரி அக்கா. கல்யாணமான நாளிலிருந்து பாத்தியில் நின்று உப்பு வாரியவர். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் பெட்ரோல் வாசனை வந்தால் வாந்தி. மகளைப் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் பொம்மையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே பேத்தி பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. அக்கா அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

"போன்ல தவழுது, போன்ல சிரிக்குது. தூக்கலாம்னா கண்ணாடிதான் கையில படுது" என்பார்.

நாற்காலியில் உட்காரவைத்து ரோடு வரைக்கும் தூக்கிப் போகலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, "நான் என்ன மாதா சொரூபமா, தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போறதுக்கு? வாசல்ல வண்டி நிக்கட்டும், வர்றேன்" என்று முடித்துவிட்டார்.

வாசல்தான் சிக்கல். ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் அடுத்த வீட்டுப் படிக்கட்டு. நடுவில் சந்து. அண்ணன் அந்தச் சந்தின் அகலத்துக்குச் சரியாக ஒரு மூங்கில் கழி வெட்டினார். கழியோடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் நின்றார். உப்புக் குவியலோடு போட்டோ எடுக்க இறங்குகிறவர்களின் கார்களையெல்லாம் குறுக்கே வைத்து அளந்தார்.

"ஹலோ, என் வண்டிகிட்ட என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. இது எங்க சந்துல நுழையுமான்னு பாக்கறேன்."

"நாங்க எதுக்குங்க உங்க சந்துக்கு வரணும்?"

எல்லாக் காரும் கழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவும் இடம் வேண்டுமே. ஒருநாள் சத்தமே இல்லாமல் ஒரு குட்டி கார் வந்து நின்றது. கரண்டில் ஓடுகிற கார். பொம்மைக்குக் கொஞ்சம் பெரியண்ணன் மாதிரி இருந்தது. கழியை வைத்தார். இரண்டு பக்கமும் கழி மிச்சம். பெட்ரோலும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாம், ஒரு சார்ஜுக்குப் பொம்மையார்பாளையம் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும் என்று அதை ஓட்டிவந்த டீச்சரம்மா சொன்னார். கூடவே இன்னொன்றையும் சொன்னார்.

"ஆனா இந்த மாடலை நிறுத்தப்போறதா பேசிக்கிறாங்கண்ணா."

"ஏம்மா? நல்லாத்தான ஓடுது?"

"எல்லாருக்கும் பெரிய வண்டிதான் வேணுமாம்."

அண்ணன் கூட நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். "சந்துல இருக்கறவங்களை யாருமே கேக்கலையா?" என்றார். எனக்கும் அன்றிலிருந்து அது விளங்கவில்லை. குறைந்த விலை, சின்ன வண்டி, புகை கிடையாது. அதை ஏன் நிறுத்துகிறார்கள்?

கேட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் பாண்டிச்சேரி ஷோரூமுக்குப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார் என்றால், நான் குறுக்கே பேச மாட்டேன். கழியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

டை கட்டிய தம்பி ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்த மாடல் இனிமேல் வருமா என்பது அவருக்கே தெரியாது. அடுத்தது வந்தாலும் இதைவிட நீளமாகவும் அகலமாகவும் இருக்கும் என்று கேள்வி. உதிரி பாகம் பல வருஷத்துக்குக் கிடைக்கும் என்று கம்பெனி சொல்கிறது. கையில் இருப்பது இரண்டே வண்டி.

"டெஸ்ட் டிரைவ் போலாமா சார்?"

"அது கிடக்கட்டும் தம்பி. அடியில இருக்கற தகடுல ஒரு துண்டு குடுங்க. ஊறப்போட்டுப் பாக்கறேன்."

"எதுலங்க?"

"பாத்தியில."

தம்பி என்னைப் பார்த்தார். நான் கழியைப் பார்த்தேன். கடைசியில் ஷெட்டில் எங்கேயோ கழற்றிப் போட்டிருந்த ஒரு தகட்டைக் கொண்டுவந்து கொடுத்து, எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

தகடு பாத்தியில் இறங்கியது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் வரப்பில் போகும்போதெல்லாம், "என்னாண்ணா, காரு விளைஞ்சிடுச்சா? எப்ப வாரலாம்?" என்று கேட்டார்கள். அவர் யாரையும் கிட்டே விடவில்லை.

பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கிய நேரத்தில் ஷோரூம் தம்பி போன் செய்தார். "சார், ஒண்ணு போயிடுச்சு. கடைசி வண்டியை இன்னொரு பார்ட்டி கேக்கறாங்க. நாளைக்கு மதியம் வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வைக்கறேன்."

"உப்பு வாரினதும் சொல்றேன் தம்பி."

"எதை வாரினதும் சார்?"

உப்பு வார இன்னும் ஒரு வாரமாவது ஆகும். பணம் தயாராக இருந்தது. மனம்தான் தயாராக இல்லை. சோதிக்காமல் அவர் ஒரு பூட்டுகூட வாங்கியதில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"துரு பிடிச்சா வாங்க மாட்டியா?"

"எப்படிடி வாங்கறது?"

"நானும் அதே தண்ணியிலதான் நின்னேன். முட்டி ரெண்டும் துரு பிடிச்சுப் போச்சு. என்னை எங்க தூக்கிப் போடப்போற?"

அண்ணன் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பாத்திக்குள் இறங்கிக் கயிற்றை இழுத்தார். தகடு தண்ணீருக்கு மேலே வரும்போதே முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டார். கையால் தடவி, தகட்டை ஒரு சாக்குக்குள் தள்ளினார்.

"நீயும் பாக்காத. வாயைத் தை."

"எதுக்குண்ணா?"

"பாத்தா மனசு மாறிடும்பா. தைச்சுடு."

என் இத்தனை வருஷ வேலையில் வரப்பில் உட்கார்ந்து ஒரு மூட்டை தைத்தது அன்றைக்குத்தான். சாக்கிலிருந்து உப்புத்தண்ணீர் என் மடியில் ஒழுகிக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் போடுவதைவிட இரண்டு முடிச்சு கூடுதலாகவே போட்டேன். அந்த மூட்டை இன்றைக்கும் என் தையல் மிஷினுக்கு அடியில் கிடக்கிறது. அவர் கேட்டதில்லை, நானும் பிரித்ததில்லை. அவர் ஊறப்போடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது இரண்டுதான் என்று நினைக்கிறேன். முதலாவது செல்வமேரி அக்கா.

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் பாண்டிச்சேரி போனோம். வண்டி இருந்தது. வெள்ளை நிறம். அண்ணன் முன்பணம் கட்டினார். கொண்டுபோயிருந்த மூங்கில் கழியை ஷோரூமிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டோம்.