பாக்குவெட்டி ஜோதி

ஆரணிக்கு ஜோதி வந்துவிட்டது. மின்சார வாரியம் கொடுக்காத ஜோதி. கற்கண்டில் வருகிற ஜோதி!

தறியை அப்படியே போட்டுவிட்டு, முள்ளிப்பட்டிலிருந்தெல்லாம் ஜனம் கிளம்பி வந்து வரிசையில் நிற்கிறது. சாமியார் பெயர் ஜோதி அடிகள். போன வருஷம் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்ற தென்னரசுதான். தாடி வளர்ந்தது, கூடவே ஞானமும் வளர்ந்துவிட்டது.

வித்தை இதுதான். ஜன்னலெல்லாம் அடைத்த அறை. கும்மிருட்டு. அடிகள் பாக்குவெட்டியில் கற்கண்டை வைத்து நறுக்கென்று வெட்டுவார். நீலமாய் ஓர் ஒளி மின்னும். பார்த்தவர் குற்றமற்றவர். பார்க்காதவருக்கு தோஷம்.

பட்டுப்புடவை காணிக்கை கொண்டுவந்தவர்களுக்கு அந்த இருட்டறை உள்ளேயே தியானம். வெறுங்கையோடு வந்தவர்கள் வெயிலில் நின்று, கூப்பிட்டதும் நேரே உள்ளே. ஆச்சரியம் பாருங்கள், தோஷமெல்லாம் வெறுங்கைக்காரர்களிடமே இருந்தது!

கெங்கம்மாள் புடவையோடு வந்தாள். தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். நூல் மட்டம் என்று நினைக்கவில்லை. மருமகள் பவித்ரா வந்த நேரம் மட்டம் என்று நினைத்தாள். மாமியார் உள்ளே தியானம். மருமகள் வெயிலில் செருப்புக்குக் காவல். பிறகு அவளையும் கூப்பிட்டார்கள். நறுக்!

"தெரிஞ்சுதா?" என்றார் அடிகள்.

"இல்லீங்க சாமி."

"எனக்கு பளிச்சுனு தெரிஞ்சுதே!" என்றாள் கெங்கம்மாள்.

"இவ இருக்கிற ஊட்ல தறி ஓடாதும்மா. அவங்க அம்மா ஊட்டுக்கே அனுப்பிடு."

"நான் போய் ஆட்டோ கூப்புடறேன். அழுதுகினு நிக்காம ஜல்தியா வாடி!" மாமியார் வெளியே போனாள்.

பவித்ரா இருட்டறை மூலையிலேயே உட்கார்ந்து அழுதாள். அடிகள் அடுத்தடுத்து ஆட்களைக் கவனித்தார். கொஞ்ச நேரம் போயிற்று. நறுக்! நீலம். பவித்ராவின் அழுகை நின்றது. மறுபடி நறுக்! மறுபடி நீலம். உட்கார்ந்த இடத்திலேயே தோஷம் கழன்றுவிட்டதா?

"அத்தை! கொஞ்சம் உள்ள வாங்க!"

கெங்கம்மாள் வெயிலிலிருந்து வந்தாள். கதவு மூடியதும் பவித்ரா அடிகளின் பாக்குவெட்டியைப் பிடுங்கித் தானே வெட்டினாள்.

"தெரியுதாங்க அத்தை?"

"இன்னா தெரியுது? ஒரே இருட்டா கீது."

"எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியல. இப்போ யாருங்க அம்மா ஊட்டுக்குப் போறது?"

இருட்டில் சிரிப்பு வெடித்தது. "பொம்பள கை பட்டு மந்திரம் கெட்டுப்போச்சு!" என்று கத்தினார் அடிகள்.

உள்ளே இருந்த தறிக்காரர் சடையன் எழுந்து போய் மளிகைக் கடையில் கற்கண்டு வாங்கிவந்தார். கதவைச் சாத்தி எல்லாரும் சும்மா உட்கார்ந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் சடையன் வெட்டினார். அதே நீலம். கெங்கம்மாளுக்கும் தெரிந்தது.

"யோவ், மளிகைக் கடைக்காரன் எந்த மந்திரம்யா போட்டான்?" என்று அடிகளைக் கேட்டார் சடையன்.

விவரம் இவ்வளவுதான். சர்க்கரைக் கட்டி பிளக்கும்போது பிளந்த பக்கங்களில் மின்சாரம் பிரிகிறது. நடுவில் உள்ள காற்றில் பொறி தட்டுகிறது. மின்னலுக்குக் குட்டித் தம்பி. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அது தெரியாது. இதற்கு அருள் வேண்டாம், பாக்குவெட்டி போதும்.

ஜனம் புடவைகளை அள்ளியது. அடிகள் வேட்டியை அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினார்.

"வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் கெங்கம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

"எந்த ஊட்டுக்குங்க?"

"நம்ம ஊட்டுக்குத்தான்டி. பேஜார் பண்ணாத."

"வர்றேன். மொதல்ல நூல மாத்துங்க."

இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கண் தெளிந்துவிடுகிறது. நம் ஜனம் தலைமுறை தலைமுறையாக இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. புத்தி மட்டும் தெளியக் காணோம்!